ஒரு குழாய், ஆறு வீடு: 1950களில் இங்கிலாந்து நகராட்சியின் சுகாதார வேலை

பர்ன்லி, நெல்சன், அக்ரிங்டன் போன்ற லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் 1950களில் ஒரு வீட்டுக் கொல்லையில் நாற்றம் என்று புகார் வந்தால், விவரமான சானிட்டரி இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது நாற்றத்தைப் பற்றி அல்ல. "இந்தக் குழாயில் எத்தனை வீடு சேருது?" என்றுதான் கேட்பார். ஒரே வீடு என்றால் அது வீட்டுச் சொந்தக்காரரின் வடிகால், செலவும் அவருடையது. இரண்டு வீடு சேர்ந்துவிட்டால் கதையே வேறு.

வரிசை வீடு கட்டிய பழைய காண்டிராக்டர்கள் செலவை மிச்சம் பிடிக்க, ஆறு எட்டு வீட்டுக்குப் பொதுவாகக் கொல்லையில் ஒரே குழாயைப் பதித்துத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டார்கள். 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1937 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொதுவான அந்தப் பழைய குழாய்கள் நகராட்சியின் சாக்கடையாகிவிட்டன. ஆனால் 24ஆம் பிரிவு ஒரு கொக்கி வைத்தது. குழாய் நகராட்சியுடையதுதான், இருந்தாலும் அதைப் பழுதுபார்க்கும் செலவை அதில் சேரும் வீடுகளின் சொந்தக்காரர்களிடம் பிரித்து வசூலிக்கலாம். அவசர வேலை தவிர மற்றதற்கு முன்கூட்டியே அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பணம் வசூலாவது இழுபறிதான். கடப்பாரையைத் தொடுவதற்கு முன்பே வீட்டு எண்களையும் சொந்தக்காரர் பெயர்களையும் வரைபடத்தோடு எழுதிக்கொண்டு விடுவது இதற்காகத்தான். அந்த வரைபடம் அலுவலகத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். பல ஊர்களில் இருக்காது, இருந்தாலும் தரையில் உள்ளதோடு ஒத்துப்போகாது.

எண்ணுவதற்குக் குறுக்குவழி கிடையாது. மேன்ஹோல் மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லி, எந்தக் கிளையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். மேன்ஹோலே இல்லாத வரிசையில் ஃப்ளோரசீன் சாயம். பச்சை மினுங்கும் அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே தலைகாட்டுகிறது என்று காத்திருக்க வேண்டும். இரண்டு வீட்டில் அடுத்தடுத்துச் சாயம் ஊற்றினால் முடிவு குழம்பும். முதல் வீட்டின் சாயம் முழுக்கக் கழுவிப் போன பிறகே அடுத்தது.

அடைப்பு எடுக்கும் இடத்தில் அடிக்கடி ஏமாற்றியது இன்டர்செப்டர். வீட்டு வடிகால் தெருச் சாக்கடையோடு சேர்வதற்குச் சற்று முன்னால் கடைசி மேன்ஹோலில் வைக்கும் டிராப், அதாவது எப்போதும் தண்ணீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்கும் வளைகுழாய் அது. சாக்கடைக் காற்றும் எலியும் வீட்டுப் பக்கம் வராமல் தடுக்க விக்டோரியா காலத்தில் பல ஊர்களில் கட்டாயமாக்கினார்கள். டிராப்புக்கு மேலே, அதைத் தாண்டித் தெருப்பக்கம் அடைப்பெடுக்கும் கம்பு விட 'கை' எனும் தனிக் கிளைக்குழாய் இருக்கும். அதன் வாயை ஸ்டாப்பர் என்ற அடைப்பான் மூடியிருக்கும். தெருச் சாக்கடையில் மழைநீர் பெருகி எதிர் அழுத்தம் வந்தாலோ, சுற்றியுள்ள பூச்சு உதிர்ந்தாலோ ஸ்டாப்பர் கழன்று நேரே கீழே டிராப்பின் வாயில் விழும். டிராப் அடைபடும். ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கழிவு மேன்ஹோலில் அந்தக் கையின் மட்டம் வரை ஏறி, திறந்து கிடக்கும் கை வழியாக வழிந்து தெருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கழிவறையில் ஃப்ளஷ் இழுத்தால் தண்ணீர் இறங்குகிறது, எல்லாம் சரி என்று தோன்றும். அடியிலோ மேன்ஹோல் நிறைய மலம் தேங்கி மாதக்கணக்கில் அழுகும். மூட்டுகள் வழியே அது மண்ணில் கசிந்து பக்கத்துப் பாதாள அறைச் சுவரில் ஈரமாக வெளிப்படும்போதுதான் புகார் வரும். அதுவும் 'சுவர் ஈரம்' என்ற தலைப்பில் வரும், சாக்கடை என்று வராது.

இதற்கு வைத்தியம் லேசானது. தேங்கியதை இறைத்துவிட்டு, கொக்கியால் ஸ்டாப்பரை எடுத்து, டிராப்பைக் கழுவி, ஸ்டாப்பருக்கு ஒரு சங்கிலி மாட்டி, சங்கிலியின் மறுமுனையை மேன்ஹோல் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும். வாய் அடைக்கச் சிமெண்ட் வேண்டாம். அடுத்த முறை திறக்க உளி வேண்டியிருக்கும், உளி போட்டால் கை உடையும். கிரீஸ் தடவி அழுத்தினால் போதும். இன்டர்செப்டரோடு கூடவே வைக்கும் புதுக்காற்றுக் குழாயின் மைக்கா தகட்டு மூடி உடைந்து கிடப்பது சகஜம், அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு நோட்டீஸ் அடிப்பவர் வேலை தெரியாதவர். நூற்றாண்டின் நடுவில் புதுக் கட்டடங்களில் பல ஊர்கள் இன்டர்செப்டரையே கேட்பதை விட்டுவிட்டன, அது தந்த பாதுகாப்பைவிட அடைப்புகள்தான் அதிகம் என்று. சரியான முடிவு.

அடைப்பு இல்லை, ஆனால் கசிகிறது என்றால் சோதனை. இங்கே சட்டம் ஒரு எல்லைக்கோடு போட்டிருந்தது. 48ஆம் பிரிவின்படி சந்தேகத்துக்குரிய பழைய வடிகாலை நகராட்சி எந்தச் சோதனைக்கும் உட்படுத்தலாம், அழுத்தத்தோடு தண்ணீர் நிரப்பும் சோதனையைத் தவிர. காரணம் குழாயைப் பார்த்தாலே விளங்கும். 4 அங்குல ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப், 2 அடித் துண்டுகள், தார் தோய்த்த சணல் திரித்துச் செருகிச் சிமெண்ட் பூசிய மூட்டுகள். ஐம்பது அறுபது வருடம் மண்ணில் கிடந்து, வண்டிகள் மேலே ஓடிக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதில் பல அடி உயரத் தண்ணீரின் எடையை ஏற்றினால், அதுவரை கசியாத மூட்டும் கசியும். "நல்லா இருந்த குழாயை நீங்கதான் உடைச்சீங்க" என்று சொந்தக்காரர் சொன்னால் மறுக்க வழியில்லை. தண்ணீர்ச் சோதனை புதிதாகப் பதிக்கும் குழாய்க்கு. அதிலும் நிரப்பியவுடன் மட்டம் இறங்குவதைக் கசிவு என்று நினைக்கக் கூடாது. உலர்ந்த பைப்பும் சணலும் தண்ணீரை உறிஞ்சும், மேல் பகுதியில் அகப்பட்ட காற்று மெல்ல வெளியேறும். ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, அதன் பிறகுதான் மட்டத்தைக் குறிக்க வேண்டும்.

பழையதுக்குப் புகை. முறை இது: இன்டர்செப்டர் பக்கத்து வாயை ரப்பர் வளையம் உள்ள ஸ்டாப்பரால் அடைத்து, திருகை முறுக்கி இறுக்க வேண்டும். எல்லா டிராப்பிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை மறந்தால் காய்ந்த கல்லி டிராப் (கொல்லைத் தரையில் அழுக்குத் தண்ணீர் விழும் வாயின் டிராப்) வழியே வரும் புகையைப் பார்த்து நல்ல குழாயைத் தோண்ட நேரிடும். எண்ணெய்ப் பசையுள்ள பஞ்சுக் கழிவைப் பெட்டியில் கொளுத்தித் துருத்தியால் புகையை உள்ளே அனுப்ப வேண்டும். பஞ்சாலை ஊரில் அந்தக் கழிவுக்குப் பஞ்சமில்லை. காற்றுப்போக்கிக் குழாயின் உச்சியில் புகை தெரிந்த பிறகு, அதை ஈரத்துணியால் அடைத்துவிட்டு மறுபடி துருத்தி. முதலிலேயே அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்று போக இடமின்றிப் புகை முனைவரை எட்டாது. எட்டாத பகுதி 'நன்றாக உள்ளது' என்று பதிவாகிவிடும். துருத்தியை அளவுக்கு மீறி அழுத்தினாலும் ஆபத்து, டிராப்பில் உள்ள 2 அங்குல நீர் அடைப்பையே புகை தள்ளிக்கொண்டு வந்துவிடும். பிறகு ஒருவர் வெளியே, ஒருவர் வீட்டுக்குள் பலகைத் தரை, சுவர் மூலை, அடுப்பங்கரைத் தொட்டியடி எல்லாம் பார்க்க வேண்டும். ஈரக் களிமண் நிலத்தில் புகைச் சோதனையை அதிகம் நம்பக் கூடாது. மண் மூட்டை மூடிக்கொண்டு புகையை விடாது, தண்ணீரை மட்டும் விடும்.

பெப்பர்மின்ட் எண்ணெயை வெந்நீரோடு கலந்து மேல்குழாயில் ஊற்றி வீட்டுக்குள் மணக்கிறதா என்று பார்க்கும் விக்டோரியா காலத்துச் சோதனையும் அப்போது முழுக்க மறையவில்லை. எண்ணெயைத் தொட்ட ஆள் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதுதான் அதில் உள்ள ஒரே வித்தை.

குழாயின் வாட்டம், அதாவது சரிவு குறித்து ஒரு வார்த்தை. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி, 6 அங்குலத்துக்கு 60க்கு ஓரடி. விட்டத்தைப் பத்தால் பெருக்கிக்கொள் என்பது கொத்தனார் கணக்கு. 'கூட இருக்கட்டும்' என்று 6 அங்குலக் குழாயை ஒற்றை வீட்டுக்குப் பதித்தவர்கள் கெடுத்தார்கள். அகலக் குழாயில் கொஞ்சத் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடி, திடப்பொருளை இழுத்துப் போகாமல் விட்டுவிடும்.

லங்காஷயரின் தனிச் சிறப்பு டிப்ளர் கழிவறை. பர்ன்லியின் டக்கெட் கம்பெனி இதைச் செய்து விற்றது. அடுப்பங்கரைத் தொட்டியின் அழுக்குத் தண்ணீரும் கூரை மழைநீரும் கொல்லையில் பூமிக்கடியில் உள்ள ஒரு சாயும் தொட்டியில் சேரும். சுமார் 3 கேலன் நிறைந்ததும் எடை ஒருபக்கம் சாய்ந்து, தொட்டி கவிழ்ந்து, தண்ணீர் ஒரே அடியாகக் குழாயில் பாய்ந்து கழிவறைத் தண்டின் (இருக்கைக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் குழாயின்) அடியைக் கழுவும். பிறகு தானே நிமிரும். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுச் செலவில்லை. வாளி மலம் அள்ளிய ஊர்களோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான், கேலி செய்ய ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில். வேண்டும்போது கவிழாது, தொட்டி நிறையும்போது கவிழும். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கீழே திடீரென்று இடி முழங்கும். இருக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள நீண்ட தண்டின் பக்கங்களில் தண்ணீர் படுவதே இல்லை. அது பூசிப் பூசி நாறும். சமையல் கொழுப்பு சாயும் தொட்டியின் அச்சில் படிந்து, பாதி சாய்ந்த நிலையில் நிற்கும். அப்போது வரும் தண்ணீர் எல்லாம் வேகமில்லாமல் ஒழுகிப் போய்விடும், கீழே மலம் அப்படியே நிற்கும். டிப்ளர் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொட்டியில் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போய்விட்டால் தெரியாது. கவிழும் ஓசை கேட்கும்வரை ஊற்ற வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் அச்சைச் சுரண்டிக் கழுவ வேண்டும்.

இதை மாற்றுவதற்குச் சட்டத்தில் சௌகரியமான வாசல் இருந்தது. சுத்தமான தண்ணீரால் கழுவும் ஏற்பாடு இருந்தால்தான் சட்டப்படி அது வாட்டர் கிளாசெட். டிப்ளர் கழுவுவது பாத்திரம் கழுவிய தண்ணீரால். எனவே 47ஆம் பிரிவில் நகராட்சி அதை மாற்றச் சொல்லலாம், பழுதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆனால் பாதிச் செலவை நகராட்சி ஏற்க வேண்டும். மாற்றும்போது தண்டை உடைத்து நிரப்பி, பீங்கான் கோப்பை வைத்து, 2 கேலன் தொட்டி மாட்டுவார்கள். வேலை இங்கே முடிவதில்லை. வீட்டிலிருந்து கொல்லைக் கழிவறைக்குப் போகும் தண்ணீர்க் குழாய் முதல் பனிக்காலத்திலேயே வெடிக்கும். போதிய ஆழத்தில் புதைத்து, மேலேறும் துண்டுக்குத் துணி சுற்றி, வீட்டுக்குள்ளேயே ஒரு நிறுத்து குழாய் வைக்காமல் விட்ட இடங்களில் ஜனவரியில் மறுபடி புகார்தான். பழைய சாயும் தொட்டியை எடுக்காமல் அப்படியே மூடினால், அடுப்பங்கரைத் தொட்டியின் தண்ணீர் அதில் தேங்கி அடுப்பங்கரை நாறும்.

இப்படிப்பட்ட கொல்லைக் கழிவறைகள் ஒழிய இன்னும் வெகுகாலம் பிடித்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் நூற்றுக்கு 37 குடும்பங்களுக்கு நிலையான குளியல்தொட்டி இல்லை. 1959ஆம் ஆண்டு வீட்டுச் சட்டம் வந்த பிறகுதான், குளியல்தொட்டி, கைகழுவும் தொட்டி, வெந்நீர், வீட்டோடு ஒட்டிய கழிவறை, உணவு வைக்கும் அலமாரி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 155 பவுண்டு, செலவில் பாதி, கேட்டால் தந்தே ஆக வேண்டிய மானியம் என்றானது.

நோட்டீஸ் விஷயத்தில் அனுபவசாலிகள் கடைப்பிடித்த வரிசை ஒன்று உண்டு. முதலில் சாதாரணக் கடிதம். இதிலேயே பெரும்பாலான வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் 93ஆம் பிரிவு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் 94இல் மாஜிஸ்திரேட். கட்டடத்தின் குறை என்றால் சொந்தக்காரருக்கு, குடியிருப்பவர் செய்த அசுத்தம் என்றால் அவருக்கு. ஆள் மாறினால் வழக்கு அங்கேயே முடிந்தது. எனவே வாடகை வசூலிக்கிறவர் யார், யார் பேரில் வசூலிக்கிறார் என்பதை வாடகைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். 'கழிவறை மோசம்' என்று எழுதினால் நீதிமன்றத்தில் எடுபடாது. 'கோப்பையில் விரிசல், தரையோடு சேரும் மூட்டில் கசிவு, தொட்டி ஃப்ளஷ் ஆகவில்லை' என்று ஒவ்வொன்றாக வர வேண்டும், செய்ய வேண்டிய வேலையும் வர வேண்டும். 1939 முதல் வாடகை உறைந்திருந்ததால் "வாடகையே இவ்வளவுதான், இதில் எங்கே ரிப்பேர்" என்ற பதில் பொய்யல்ல. 1939 சென்னை பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இந்த நோட்டீஸ் நடைமுறை பழகியதாகவே தோன்றும், இரண்டும் ஒரே மரபு.

குப்பைத் தொட்டி தகராறை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 75ஆம் பிரிவு 'சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர்' வாங்கித் தர வேண்டும் என்றது. அந்த ஒரு 'அல்லது' வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சண்டை. புத்திசாலி நகராட்சிகள் தாங்களே தொட்டி கொடுத்து, வருடத்துக்கு ஒரு சிறு தொகையை வசூலித்துக்கொண்டன.

பொறுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போனதால் உயிர்கள் போன சம்பவம் லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டன் ஊரில் நடந்தது. 1937 இலையுதிர் காலத்தில் அடிங்டன் கிணற்றில் ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். வேலை நடக்கும்போது வடிகட்டலும் குளோரின் சேர்ப்பும் இல்லாமலே அந்தத் தண்ணீர் ஊருக்குப் போனது. இறங்கியவர்களில் ஒருவர் தன்னையறியாமலே டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர். 43 பேர் இறந்தார்கள். கிணற்று வேலை நடப்பது பொறியாளர் துறைக்குத் தெரியும், ஊரில் காய்ச்சல் பரவுவது சுகாதார அதிகாரிக்குத் தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேரத் தாமதமானது. அதன் பிறகு கிணற்றில் இறங்கும் ஆட்களுக்கு முன்கூட்டியே இரத்தம், மலம் பரிசோதனை, வேலை முடியும்வரை அந்தக் கிணற்றை விநியோகத்திலிருந்து துண்டிப்பது, வேலை தொடங்கும் முன்பே சுகாதார அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிப்பது என்று பழக்கம் இறுகியது. குளோரின் இருக்கிறதே என்று முதல் இரண்டையும் தளர்த்துவதுதான் எந்தக் காலத்திலும் வரும் சபலம்.

1948 ஜூலை 5 தேசிய சுகாதார சேவை வந்ததும் பொறுப்பு இன்னும் பிரிந்தது. கவுண்டி (மாவட்டம்) நிர்வாகத்துக்கு உட்படாத பெரிய நகராட்சியான கவுண்டி பரோ அல்லாத சிறு பரோக்களிடமிருந்து (நகராட்சிகளிடமிருந்து) தாய்சேய் நலமும் தடுப்பூசியும் கவுண்டிக்குப் போயின. சாக்கடை, வீடு, உணவு, தொற்றுநோய்த் தடுப்பு ஊரிலேயே நின்றன. அந்தக் கால ஆண்டறிக்கைகளைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு ஏமாறுவதுண்டு. ஒன்றில் தடுப்பூசி அட்டவணை இல்லை என்றால் அங்கே தடுப்பூசி போடவில்லை என்று பொருளல்ல. சிசு மரண விகிதத்திலும் எச்சரிக்கை வேண்டும். வருடத்துக்கு 800 பிறப்பு உள்ள ஊரில் ஒரு குழந்தை இறந்தால் ஆயிரம் பிறப்புக்கான விகிதம் 1.25 கூடும். நாலைந்து இறப்பு கூடக் குறைய இருப்பதை வைத்துச் சாக்கடை வேலைக்குப் பாராட்டோ பழியோ தருவது அபத்தம். சுகாதாரப் பிரிவைப் பொறுத்தவரை 'பார்வையிட்டது', 'நோட்டீஸ்', 'சரிசெய்யப்பட்டது' என்ற மூன்று எண்களில் மூன்றாவதை மட்டும் பார்த்தால் போதும்.

புகைக் கட்டுப்பாடு தனிக் கட்டுரைக்குரியது. 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு வந்த 1956 சுத்தக் காற்றுச் சட்டத்தில், அடுப்பு மாற்றும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கு வீட்டுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. நடைமுறையில் தடுக்கியது மீதி மூன்று பங்கு அல்ல, கோக், அதாவது நிலக்கரியிலிருந்து கேஸ் எடுத்தபின் மிஞ்சும் புகையில்லா எரிபொருள். பழைய அகலக் கம்பி அடுப்பில் கோக் எளிதில் பற்றாது. கேஸ் பற்றவைப்பு வேண்டும், காற்று அடியிலிருந்து கட்டுப்பாடாக வர வேண்டும். சுரங்கத் தொழிலாளி வீட்டில் சம்பளத்தோடு வரும் சலுகைக் கரியை எரிக்காதே என்று சொல்வது இன்னொரு தலைவலி. 1960களில் கேஸ் தொழிற்சாலைகள் எண்ணெய்க்கு மாறியதும் கோக்கே கிடைக்காமல் போனது.

சேரி வீடுகளை இடித்த ஊர்களில் எலி கிளம்பியது மறுபடி நம்மைக் குழாய்க்கே கொண்டுவந்தது. வரிசையில் நடுவே மூன்று வீட்டை இடித்துவிட்டுக் கிளைக்குழாயைச் செங்கல் துண்டால் மேலோட்டமாக அடைத்துவிட்டுப் போவார்கள். தெருச் சாக்கடையிலிருந்து எலி அந்தச் செத்த குழாயில் ஏறி, உடைந்த மூட்டு வழியே மண்ணில் வளை தோண்டி, இன்னும் ஆள் குடியிருக்கும் நான்காவது வீட்டின் தரைக்குள் வரும். அந்த வீட்டில் விஷம் வைத்துக்கொண்டே இருப்பது வீண் செலவு. தெருச் சாக்கடையோடு சேரும் இடத்திலேயே தோண்டிக் கிளையைச் சிமெண்டால் மூட வேண்டும், முடிந்தவரை மீதிக் குழாயையும் பெயர்த்து எடுக்க வேண்டும். சாக்கடைக்குள் விஷம் வைப்பதிலும் அவசரம் கூடாது. துத்தநாக பாஸ்பைடு போன்ற கடுவிஷம் என்றால், மேன்ஹோல் திண்டில் முதலில் விஷமில்லாத இரையை வைத்து, எங்கெங்கே தின்றிருக்கிறது என்று பார்த்து, தின்ற இடத்தில் மட்டும் அடுத்து நூற்றுக்கு இரண்டரை பங்கு விஷம் கலந்து வைக்க வேண்டும். முதல்நாளே விஷத்தைக் கொட்டினால் கொஞ்சம் தின்று வயிறு வலித்துத் தப்பிய எலிகள் அந்த இரையை மறுபடி தொடாது, பல மாதம் கழித்துத்தான் அந்த மேன்ஹோலில் மீண்டும் வேலை தொடங்க முடியும். இரை ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தாலும் தொடாது. 'எலி இல்லை' என்று எழுதும் முன் இரையை மோந்து பார்க்க வேண்டும்.